பூட்டிக் கிடக்கும் கட்டுரை

ஆகஸ்ட் 22, 2025, வெள்ளி

கட்டுரை வெளிவந்துவிட்டது. காலையில் கவிநிலா போனில் கத்திய கத்தலில் அடுப்பிலிருந்த பாலை மறந்தேன், பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்றார் இவர். துடைக்கிறவளுக்கல்லவா தெரியும் சகுனம்.

கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாகத் திறந்தேன். தலைப்பு வந்தது. வேர்க்கடலையில், ஊர்ப்பேச்சில் மல்லாட்டையில், வரும் தண்டழுகலைக் குறைப்பது பற்றி, கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் செம்மண் நிலங்களில் மூன்று பருவம் செய்த சோதனை. முதல் பெயர் கவிநிலா, என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். இரண்டாவது நான். மூன்றாவது எங்கள் தாவரவியல் துறைத் தலைவர் ராமகிருஷ்ணன் சார். அவர் வயலுக்கு ஒரே ஒரு தரம் வந்தார், அன்றைக்கும் காரை விட்டு இறங்கவில்லை. பெயர்களுக்குக் கீழே பத்து வரியில் சுருக்கம். அதற்கும் கீழே ஒரு பூட்டுப் படம். மேற்கொண்டு படிக்க முப்பத்தொன்பது டாலர் கட்டச் சொல்கிறது.

நான் எழுதினதை நான் படிக்க நான் துட்டு கட்டணுமா? எங்கள் கல்லூரி அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதில்லை. எந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்குமே கட்டுவதில்லை. நூலகத்துக்கு வருவது இரண்டு தினசரியும் ஒரு ஆன்மிக மாத இதழும்தான்.

ராத்திரி சாப்பாட்டின்போது இவரிடம் புலம்பினேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு நாலு அறை வாடகைக்கு விடுகிற மனுஷர், அவருக்கு எல்லாமே அறைக் கணக்கு. கட்டினவனையே உள்ளே விடாத லாட்ஜா என்று கேட்டுவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கண்ணாயிரம் அண்ணன் போன் செய்தார். சோதனை நடந்த மூன்று நிலங்களில் பெரியது அவருடையது. மூன்று பருவமும் பாதி நிலத்தை எங்களுக்கு விட்டுக் கொடுத்தவர். எங்கள் பூஞ்சை எரு வைக்காத பாத்தியில் செடி செத்துக்கொண்டிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஒன்றும் செய்யாதீர்கள் என்று நான் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். கண்ணெதிரே காய்வதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றவர் அவர்.

கவிநிலா சந்தோஷத்தில் அவருக்கும் லிங்க் அனுப்பியிருக்கிறாள். அவர் மகள் தேவிப்ரியா போனில் திறந்திருக்கிறாள்.

"எங்க நெலத்தப் பத்தி எழுதனதுக்கு எங்களயே துட்டு கேக்குதுங்களே மேடம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நான் ஏதோ சரிசெய்துவிடுவேன் என்கிற நம்பிக்கையில் சொன்னார்.

செப்டம்பர் 1, திங்கள்

நிதி கொடுத்த அறக்கட்டளையிலிருந்து அருணாதேவி என்கிற அதிகாரியின் மின்னஞ்சல். எங்கள் முதல் கட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காரணம், கட்டுரை பூட்டியிருக்கிறது.

அவர்கள் விதி இது. அவர்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரையை, வெளியான அன்றைக்கே உலகத்தில் எவரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும். பத்திரிகை அழகாக அச்சுக்கோத்த பக்கங்கள் அவர்களிடமே இருக்கட்டும். அதற்கு முன்னால் நாங்கள் திருத்திக் கொடுத்து, சரி என்று பத்திரிகை ஏற்றுக்கொண்ட எங்கள் சொந்தக் கைப்பிரதியையாவது இணையத்தில் உள்ள பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்க வேண்டும். அக்டோபர் 31க்குள் இதைச் செய்யாவிட்டால் இரண்டாம் கட்டத்துக்கு நாங்கள் போட்ட விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள்.

இரண்டாம் கட்டம் வரவில்லையென்றால் கவிநிலாவுக்கு உதவித்தொகை இல்லை. முதல் கட்டத்தோடு அவளுக்கு அது முடிகிறது, அதுவும் அதே அக்டோபர் 31. பட்டம் பாதியில் நிற்கும். இப்படிப் பாதியில் நின்ற பெண்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். 'அடுத்த வருஷம் வந்து முடிச்சிடறேன் மேடம்' என்று போவார்கள். ஒருத்தியும் வந்ததில்லை.

இதில் கடுப்பு என்னவென்றால் விதி நியாயமான விதி. கண்ணாயிரம் அண்ணன் கேட்டதைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். ஆத்திரம் தீர ஒரு வார்த்தை திட்டக்கூட வழியில்லை.

செப்டம்பர் 2

கைப்பிரதியைக் களஞ்சியத்தில் ஏற்றினோம். சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்காரர்கள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தப்படி பன்னிரண்டு மாதம் பொறுக்க வேண்டுமாம்.

எந்த ஒப்பந்தம்? நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே?

செப்டம்பர் 3, புதன்

விஷயம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

பத்திரிகையோடு பேச ஒரு கட்டுரைக்கு ஒருவர்தான் உண்டு. அவரோடு மட்டும்தான் அவர்கள் பேசுவார்கள். துறையிலிருந்து போகிற எல்லாக் கட்டுரைக்கும் அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்பது ராமகிருஷ்ணன் சாரின் சட்டம். அவர் கணக்கிலிருந்துதான் கட்டுரை போனது. சம்மதமா என்று பத்திரிகை கேட்ட இடத்தில் எல்லாம் அவர்தான் சம்மதம் என்று அழுத்தியிருக்கிறார்.

இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் அறக்கட்டளை ஒரு வழியும் சொல்லியிருந்தது. கட்டுரையை முதன்முதலில் அனுப்பும்போதே நன்றியுரையில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும்: ஏற்கப்படும் கைப்பிரதியை எவரும் படிக்கவும் பயன்படுத்தவும் ஆசிரியர்கள் முன்கூட்டியே உரிமம் அளித்துள்ளனர். அது இருந்தால் பின்னால் எந்தப் பன்னிரண்டு மாதமும் செல்லாது. கவிநிலா அதை எழுதித்தான் வைத்தாள். நானே பார்த்தேன்.

இன்றைக்கு சார் வகுப்பில் இருந்தபோது அவர் கணினியில் அனுப்பிய பிரதியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அந்த வரி இல்ல மேடம். எடுத்துட்டாரு. இன்னொன்னும் எடுத்து..."

"ஒண்ணே போதும் தாயே," என்றேன். "இருக்கிற தலைவலியே ஜாஸ்தி."

செப்டம்பர் 4

சாரிடம் நேராகவே கேட்டேன். ஏன் எடுத்தீங்க?

நன்றியுரைக்கு நூற்றைம்பது சொல்தான் அனுமதியாம். தாளாளர் ஐயாவுக்கு நன்றி சொல்ல இடம் போதவில்லையாம். இந்தக் கல்லூரியிலிருந்து போகிற எதிலும் — கட்டுரை, கருத்தரங்க மலர், விளையாட்டு விழா அழைப்பிதழ் — தாளாளர் ஐயா பட்டங்களோடு வந்தாக வேண்டும். கல்விக் காவலர், கொடைச் செம்மல், இன்னும் என்னென்னவோ. அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தால் நாலு வரி பிடிக்கிறது. பிறகு செயலாளர், முதல்வர். கடைசியாக, ஆய்வக வசதி செய்து தந்த துறைத் தலைவர். அதாவது அவரே. கட்டுரை எழுதினவர்களில் ஒருத்தராக இருந்துகொண்டு தனக்குத்தானே நன்றி சொல்லியிருக்கிறார்.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குதும்மா மணிமொழி. அந்த லைன் ஏதோ வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு. பத்திரிகைக்காரன் தப்பா நெனச்சிப்பான்னு எடுத்தேன்."

வகுப்புக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன். இன்னும் பேசியிருந்தால் இன்றைக்கு வேலை போயிருக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் செங்கம் ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. பால் வாங்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். நாலு அறையும் நிரம்பிவிட்டது என்று அவருக்கு வாயெல்லாம் பல். ஊரே மலையைச் சுற்றுகிறது. நான் ஒரு வாக்கியத்தைச் சுற்றுகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பத்திரிகைக்கு நானும் கவிநிலாவும் சேர்ந்து கெஞ்சி எழுதியதற்குப் பதில் வந்தது. இரண்டு வழி சொல்கிறார்கள்.

ஒன்று, உடனே திறக்க வேண்டுமானால் கட்டணம் கட்டலாம். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு கவிநிலா சிரித்தாள். அவளுடைய ஒரு வருட உதவித்தொகையைவிட அது அதிகம். அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டேன். அருணாதேவி அரை மணியில் பதில் போட்டார். சந்தாவும் வாங்கிக்கொண்டு, திறக்கவும் காசு வாங்குகிற பத்திரிகைக்கு அவர்கள் ஒரு பைசா தருவதில்லை, அதுவும் விதி. அன்பான வணக்கங்களுடன் அருணாதேவி. இந்தம்மா எவ்வளவு அன்பாக எழுதினாலும் எனக்குக் கழுத்தை நெரிப்பதுபோலத்தான் இருக்கிறது.

இன்னொன்று, அறக்கட்டளையின் நிபந்தனை ஏற்கெனவே இருந்தது, அதைச் சொல்லும் வாக்கியம் தவறுதலாக நீக்கப்பட்டது என்று கட்டுரைக்குப் பொறுப்பானவர் எழுதிக் கொடுத்தால், பன்னிரண்டு மாதத்தைத் தள்ளுபடி செய்வது பற்றி யோசிப்பார்கள். நாங்கள் எழுதினால் செல்லாது. சார்தான் எழுத வேண்டும்.

எல்லாரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். அறக்கட்டளை சொல்வது சரி. பத்திரிகை சொல்வதும் அவர்கள் ஒப்பந்தப்படி சரி. நடுவில் கிடந்து அடிபடுகிறவள் நான்.

செப்டம்பர் 15

சார் எழுத மாட்டாராம்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றைக்கும் கேட்டேன். அவரே ஒரு மாதிரி இறங்கி வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். 'நான்தான் நீக்கினேன்' என்று எழுதினால் அந்தக் கடிதம் அறக்கட்டளைக்குப் போகும், அங்கிருந்து முதல்வருக்கு வரும், முதல்வரிடமிருந்து தாளாளருக்கு. தாளாளர் பெயருக்காகச் செய்த காரியம் தாளாளருக்கே கெட்ட பெயர் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது. மருமகள் இங்கேதான் வேதியியலில் தற்காலிக விரிவுரையாளர்.

"நீ நெனைக்கற மாதிரி நான் கெட்டவன் இல்லம்மா. பயந்தவன்."

அது எனக்குத் தெரியாதா. பயந்தவர்களால் நடக்கிற சேதத்துக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

வெளியே கவிநிலா நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். போளூரில் ஒரு தனியார் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்களாம். தீபம் முடிந்து சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவள் அப்பா மூன்று வருடமாக 'எப்பம்மா முடிப்ப' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 26

ஒன்றும் இல்லை. தேர்வுத்தாள் திருத்தினேன். பாதிப் பேர் பூஞ்சைக்கும் பாசிக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள். இருக்கிற கோபத்தையெல்லாம் சிவப்பு மையில் காட்டிவிட்டுப் பிறகு பாவமாக இருந்தது, இரண்டு இரண்டு மதிப்பெண் கூடப் போட்டேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் துறையில் பூஜை. நுண்ணோக்கிகள், தராசுகள், கணினிகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், கழுத்தில் ஒரு முழம் சாமந்தி. நாளை வரை எதையும் தொடக்கூடாது. பதினொரு மணிக்குத் தாளாளர் ஐயா ஒவ்வொரு துறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் முதல்வர், அவருக்குப் பின்னால் பொரி கடலைத் தட்டோடு ராமகிருஷ்ணன் சார்.

என்னைப் பார்த்ததும் ஐயா நின்றார். ஃபாரின் பத்திரிகையில் நம்ம காலேஜ் பேர் வந்திருக்கிறதாமே, சார் சொன்னாரே, எங்கே காட்டு என்றார். சார் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கணினியைத் தொட முடியாது. பூஜைக்கு வைக்காத ஒரே கருவி ஐயாவின் போன்தான். வாங்கித் தேடிக் காட்டினேன். சுருக்கம் வரை தள்ளிப் பார்த்தார். பூட்டு வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி பூட்டு.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, சத்தியமாக. வாயில் தானாக வந்தது.

"உள்ள உங்க பேரு நாலு வரிக்கு இருக்குதுங்க ஐயா. பட்டத்தோட. ஆனா துட்டு கட்டாம யாரும் பாக்க முடியாது."

"யாருமேவா?"

"நம்ம பசங்களே பாக்க முடியாதுங்க."

"இன்னாய்யா இது," என்று முதல்வர் பக்கம் திரும்பினார். "எம்பேர எழுதி உள்ள வெச்சி பூட்டிட்டானுங்களா? இன்னாத்துக்கு எழுதனீங்க அப்புறம்?"

முதல்வர் சாரைப் பார்த்தார். சார் பொரியைப் பார்த்தார். திறக்க வழி உண்டு என்றேன். பொறுப்பானவர் ஒரு கடிதம் எழுதினால் போதும், அப்புறம் அமெரிக்காவில் இருக்கிறவனும் இலவசமாகப் படிக்கலாம் என்றேன். யார் பொறுப்பானவர் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. எங்கள் துறையில் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"சாயங்காலத்துக்குள்ள எழுதிடுங்க சார்," என்றார் ஐயா, பொரியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு.

எழுத முடியாது, கணினிக்குப் பூஜை போட்டாச்சு, நாளை வரை தொடக்கூடாது என்று சார் மெல்லச் சொன்னார். அதற்கு ஐயா சொன்ன பதிலை எழுதமாட்டேன். சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் கணினியைப் போட்டார்கள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானும் கவிநிலாவும் சிரித்த சிரிப்பு! எந்தப் பட்டத்துக்காக அந்த வரியை வெட்டினாரோ அதே பட்டம்தான் அவர் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

சாரின் கடிதத்துக்குப் பிரதி எனக்கும் வந்தது. ஒழுங்காகவே எழுதியிருக்கிறார். 'என் அறியாமையால் நீக்கிவிட்டேன், மற்ற இருவருக்கும் தெரியாது' என்று இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியை யாரும் எழுதச் சொல்லவில்லை. மனுஷன் தானாக எழுதியிருக்கிறார். தாழ்வாரத்தில் எதிரே வந்தபோது வணக்கம் சொன்னேன். பதிலுக்குத் தலையசைத்தார்.

அக்டோபர் 16, வியாழன்

தள்ளுபடி! கைப்பிரதியை உடனே திறந்து வைக்கலாம் என்று பத்திரிகை எழுதிவிட்டது.

நான் தேர்வுக் கண்காணிப்பில் மாட்டிக்கொண்டேன். கவிநிலாவே ஏற்றுகிறேன் என்றாள். ஏற்றுவதற்கு முன் அறை வாசலில் வந்து நின்று, நன்றியுரையை மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டு ஏற்றட்டுமா என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளாளர் பட்டத்தைக் கத்தரிக்கிற நேரமா இது? ஒரு எழுத்தைத் தொடாதே, இருக்கிறதை இருக்கிறபடி ஏற்று, மறுபடியும் எவனாவது ஏதாவது சொல்லித் திருப்பினால் என்னால் முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மாணவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சரிங்க மேடம் என்று போய்விட்டாள்.

திறந்துவிட்டது. என் போனில், என் கட்டுரை, காசில்லாமல். அருணாதேவிக்கு அனுப்பினேன். அன்பான வணக்கங்களுடன்.

நவம்பர் 10

இரண்டாம் கட்டம் பற்றி ஒரு தகவலும் இல்லை. 'குழு கூடும்' என்கிறார்கள். எப்போது கூடும்? அக்டோபரோடு உதவித்தொகை நின்றுவிட்டது. கவிநிலா தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். வேண்டாம், வீட்டிலிருந்து எழுது என்றால் கேட்பதில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

டிசம்பர் 3, புதன். தீபம்

ஊருக்குள் ஒரு வண்டி விடவில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். ஜோதி தெரிந்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எனக்கு மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தீபம் முடிந்துவிட்டது, இனி போளூர்க்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

வந்துவிட்டது. இரண்டாம் கட்டம், முழுதாக. கவிநிலாவுக்கு இரண்டு வருடம்.

அவளிடம் சொன்னதும் ஆய்வக முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதற்கென்ன. பிறகு அவளே எழுந்து, மார்கழிப் பட்டத்துக்கு விதைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வயல்காரர்களைப் பார்க்கணும் என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

கண்ணாயிரம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கட்டுரையை அச்செடுத்து, கலர் அட்டை போட்டு எடுத்துப் போயிருந்தேன். பெருமை. இனிமேல் யாரும் துட்டு கேட்க மாட்டாங்கண்ணா என்று கையில் கொடுத்தேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவர் மனைவி தனம் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இங்கிலீஷ்தானே, தேவிப்ரியா படித்து அர்த்தம் சொன்னாள். எருவில் பூஞ்சையை ஊற வைத்துப் போட்ட பாத்தியில் தண்டழுகல் பாதிக்கு மேல் கம்மி என்ற இடத்தில் அவர் தலையாட்டினார். அது தெரியுமே, நான்தான் பார்த்தேனே என்கிற மாதிரி. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். நன்றி என்று போட்டிருக்குதுப்பா என்றாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் படித்தாள். எல்லாம் வல்ல இறைவனுக்கு. கல்விக் காவலர், கொடைச் செம்மல் தாளாளருக்கு. செயலாளருக்கு. முதல்வருக்கு. நிதி கொடுத்த அறக்கட்டளைக்கு. துறைத் தலைவருக்கு. நிறுத்தினாள்.

"அடுத்த பக்கம் பாரும்மா," என்றார் அவர்.

அடுத்த பக்கத்தில் மேற்கோள் நூல் பட்டியல்தான். தேவிப்ரியா அதையும் புரட்டிப் பார்த்தாள். அட்டை வந்துவிட்டது.

நான் கவிநிலாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. இன்னொன்னும் எடுத்துட்டாரு. நன்றியுரையைக் கொஞ்சம் மாற்றட்டுமா. இரண்டு தடவை சொல்ல வந்தாள், இரண்டு தடவையும் வாயை அடைத்தேன். நூற்றைம்பது சொல்லுக்குள் அடங்கவில்லையென்று சார் வெட்டிய இன்னொரு வரி, நிலம் கொடுத்த மூன்று பேரின் பெயர். ஒன்றரை மாதம் குதித்தேனே, ஒரு வாக்கியம் போச்சு ஒரு வாக்கியம் போச்சு என்று. போனது இரண்டு என்று எனக்குத் தெரியவே இல்லை. அச்செடுத்துக் கொண்டுவந்தவள் கடைசிப் பக்கத்தை ஒரு தரம் பார்த்திருக்கக் கூடாதா?

அண்ணன் கட்டுரையை மூடி, பக்குவமாக அலமாரிமேல் வைத்தார்.

"பரவால்லீங்க மேடம். மல்லாட்டைக்கு இந்த வாட்டி எந்தப் பக்கம் வேணும்? மேக்காலயா?"



டிசம்பர் 15, திங்கள்

தூங்கவில்லை. காலையில் போனதும் கவிநிலாவிடம் கேட்டேன், இதை இனிமேல் மாற்ற முடியுமா? பத்திரிகை மாற்றாது. அவர்கள் பக்கத்தில் தாளாளர் பூட்டுக்குள்ளே பத்திரமாக இருக்கட்டும். களஞ்சியத்தில் இருப்பது?

"அது நம்மளுது மேடம்," என்றாள். "யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம்னு உரிமம். என்ன மாத்தனோம்னு சொல்லணும், அவ்ளோதான். எழுதனவங்க நாம மாத்தக் கூடாதா?"

விதியை மறுபடி படித்தேன். மூன்று மாதமாக என் உயிரை எடுத்த அதே விதி. அவள் சொல்வது சரி. அந்த உரிமத்தின்படி தாளாளரையும் சாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இருந்தாலும் சாரிடம் போய்ச் சொன்னேன். 'என் நன்றிய எடுத்துடும்மா, எனக்கு நானே சொன்னது நல்லாவா இருக்குது' என்றார்.

பதிப்பு இரண்டு ஏற்றினோம். நன்றியுரையில் முதல் வரி: சோதனைக்கு நிலம் கொடுத்து, பயிர் காய்வதைப் பொறுத்துக்கொண்ட கண்ணாயிரம், முருகையன், புகழேந்தி ஆகியோருக்கு. மாற்றத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில், வெட்டப்பட்ட வரி மீண்டும் சேர்க்கப்பட்டது என்று எழுதினேன். இதற்குச் சொல் கணக்கு கிடையாது. தாளாளரும் நாலு வரியோடு கீழே இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

விதைப்பு. பனி விலகுவதற்குள் போய்விட்டோம். தேவிப்ரியா புதிய பதிப்பைப் போனில் ஏற்கெனவே படித்துக் காட்டியிருக்கிறாள். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் போனபோது அண்ணன் அவரை நிறுத்தி, மகளிடம் போனை வாங்கி, எழுத்து தெரிகிற மாதிரி கையை நீட்டிப் பிடித்துக் காட்டினார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, இவருக்கும் தெரியாது. பேர் இருக்கிற இடத்தை மட்டும் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, முடிந்தது என்று வரப்பில் உட்கார்ந்தேன். தனம் அக்கா டீ கொண்டுவந்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"செத்த செடிய வாரா வாரம் எண்ணி இந்தப் பொண்ணுக்கு போன்ல சொன்னது யாருங்க மேடம்?"

கவிநிலா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூணு பருவம்," என்றார் அக்கா. "வெயில்ல குனிஞ்சி குனிஞ்சி எண்ணனேன். இவரு வரப்புல கைய கட்டிக்கினு நின்னாரு. நின்னவரு பேரு உலகம் பூரா தெரியுது."

அண்ணன் கையிலிருந்த போனைப் பையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் மண்ணைப் பார்க்கப் போய்விட்டார்.

கட்டுரையின் மூன்றாவது அட்டவணை முழுக்க அக்கா எண்ணியது. கவிநிலா போனில் கேட்டு எழுதிக்கொண்டாள், நான் கூட்டிக் கழித்தேன், சார் அனுப்பினார். கவிநிலா முதலில் எழுதிய வரியிலும் அக்கா பெயர் இல்லை. அதை யாரும் வெட்டவில்லை. நாங்களே வைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கவிநிலா போன் செய்தாள். பதிப்பு மூன்று தயார், தனம் அக்கா பெயரை முதலில் போட்டுவிட்டேன், காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் மேடம் என்றாள்.

இருக்கிறதை எழுது என்றேன். எண்ணியவர் பெயர் விடுபட்டிருந்தது.